அண்ணையின் சனிக்கிழமைச் சாப்பாடு

எங்கள் அன்பு அண்ணையின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். இப்படியான மலர்கள் என் வீட்டிலும் ஒரு மேசை லாச்சி நிறைய இருக்கின்றன. படத்தைப் பார்ப்பேன், பிறந்த திகதியைப் பார்ப்பேன், தேவாரப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போய்க் கடைசியில் நன்றி சொல்லியிருக்கும் பட்டியலில் எங்கள் குடும்பமும் இருக்கிறதா என்று தேடுவேன். பிறகு மலர் லாச்சிக்குள் போய்விடும். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள், எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தக் கட்டுரையை மட்டும் வாசித்துவிட்டு உள்ளே வையுங்கள்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு நாள் இழுபறி. என் கணவர், "உதெல்லாம் அச்சிலை போடுற விசயமோ? சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டார். அண்ணை உயிரோடு இருந்த காலத்தில் சனம் அவரைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. இனிச் சொன்னால் சொல்லட்டும் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வாயால்தான் ஒரு பிழையும் விட்டேன். அதையும் இதில் சொல்லப் போகிறேன்.

அண்ணை கரவெட்டியில் பிறந்தார். தகப்பனார் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். தாயார் வருடத்தில் பாதி நாள் விரதம் இருந்தவர். பிள்ளைகள் நாங்கள் இருவர். அண்ணைக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். அண்ணை கணக்கில் கெட்டிக்காரராக இருந்தும் பல்கலைக்கழகத்துக்கு எடுபடவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் சில வருடம் வேலை செய்தார். நாட்டு நிலைமை கெட்டது. எண்பதுகளின் நடுவில், இருபத்தெட்டு வயதில், யாரோ கொடுத்த பழைய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு லண்டனில் வந்து இறங்கினார்.

முதலில் பெற்றோல் நிலையத்தில் நின்றார். பிறகு சுப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்கினார். கடைசியில் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. அதிலேயே ஓய்வு பெறும்வரை இருந்தார். தகப்பனாரின் வைத்தியம், என் படிப்பு, என் கலியாணம், நான் லண்டன் வந்த பயணம், எல்லாம் அவர் தோளில்தான் ஏறின. அவருக்கும் கலியாணம் பேசிய காலம் ஒன்று இருந்தது. "தங்கச்சியின்ரை முடியட்டும்" என்றார். என்னுடையது முடிந்தது. "கொஞ்சம் பொறுங்கோ" என்றார். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். அதன்பிறகு அவரிடம் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். கைக்குழந்தை, வேலை, புது வீடு என்று ஓடிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை.

டெப்ட்ஃபோர்ட்டில் ஒற்றை அறை வீட்டில் கடைசிவரை தனியாக இருந்தார். நாங்கள் நோர்பரியில். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வருவார். வரும்போது மகளுக்கு ஏதாவது வாங்கி வருவார். சனிக்கிழமை மட்டும் வரமாட்டார். பிறந்தநாளோ, சாமத்தியவீடோ, எதுவென்றாலும் சனிக்கிழமை மத்தியானம் என்றால், "ஏலாது பிள்ளை, ஷிப்ட். பின்னேரம் வாறன்" என்பார். ஓய்வு பெற்ற பிறகு, "கொஞ்சம் அலுவல் இருக்கு" என்றார். என்ன அலுவல் என்று ஒருவரும் கேட்கவில்லை. தனி ஆள்தானே, ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

மற்ற நாட்களில் நல்லது கெட்டது எங்கே நடந்தாலும் அண்ணை அங்கே நிற்பார். உங்களில் பலருக்கு அவரை ஞாபகம் இருப்பது கையில் ஒரு சாம்பார் வாளியோடுதான். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு வருடாவருடம் போய் அன்னதானத்தில் பரிமாறுவார். கலியாண மண்டபங்களில் முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்திவரை ஓடுவார். "நீங்கள் இருங்கோ அண்ணை" என்றால், "நான் பிறகு சாப்பிடுறன்" என்பார். பிறகு அவர் சாப்பிட்டாரா என்று நாங்கள் பார்க்கவில்லை. கைகழுவிவிட்டுக் கார் எடுக்கப் போய்விடுவோம்.

இந்த வருடம் மாரி தொடங்கியபோது படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி கட்டிவிட்டது. ஒன்பது நாள் பக்கத்தில் இருந்தேன். "என்ன சாப்பிட விருப்பம் அண்ணை, சொல்லுங்கோ, செய்து கொண்டாறன்" என்று தினமும் கேட்டேன். "எதெண்டாலும் பரவாயில்லை பிள்ளை" என்றார். நான் நண்டுச் சாறு வைத்துக் கொண்டுபோனேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றார். பத்தாம் நாள் விடியப் போய்விட்டார். நான் அப்போது கார் தரிப்பிடத்தில் நின்றேன்.

தகனம் ஒரு புதன்கிழமை நடந்தது. மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தனியாக இருந்தார். அறுபத்தைந்து வயது மதிக்கலாம். கறுப்புக் கோட்டு, கையில் கசங்கிய கைக்குட்டை. தேவாரம் படித்த நேரம் முழுக்க அழுதுகொண்டிருந்தார். என்னிடம் வந்து பேசுவதற்குள் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். பிறகு பார்த்தால் அவரைக் காணவில்லை. ஆனால் வாசலில் வைத்திருந்த கையெழுத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார். மோரீன் என்ற பெயர், ஒரு தொலைபேசி எண். அதற்குக் கீழே, சனிக்கிழமைகளில் உங்களைத் தேடுவேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

புத்தகம் வீட்டுக்கு வந்ததும் கதை பிடித்துக்கொண்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தேத்தண்ணி குடித்தபடி அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "அப்ப அதுதான் மனுசன் கலியாணம் கட்டேல்லைப் போலை." "சனிக்கிழமை அலுவல் எண்டது உதுதானோ?" நாற்பது வருடத்தில் அண்ணையைப் பற்றி நம்மவர்கள் இவ்வளவு ஆர்வமாகப் பேசி நான் கேட்டதில்லை. யார் யார் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெயர் எழுதவில்லை, நிம்மதியாக வாசியுங்கள்.

வந்த ஆட்கள் போனபின் எட்டுக்கு என்ன சமைப்பது என்ற பேச்சு வந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எட்டாம் நாள் போனவருக்குப் படைப்போம். அதுவரை வீட்டில் மரக்கறி மட்டும்தான். எட்டன்று மீன், இறைச்சி என்று மச்சமும் சமைத்து, அவர் உயிரோடு இருந்தபோது ஆசையாகச் சாப்பிட்டவற்றை எல்லாம் வாழையிலையில் வைப்போம். இந்த நாட்டில் தகனத்துக்கே நாள் கிடைக்கப் பிந்துவதால், எங்கள் வீட்டில் தகனத்திலிருந்து எட்டு எண்ணுகிறோம்.

நான் கடதாசி ஒன்றை எடுத்து முதல் வரியில் நண்டுக் கறி என்று எழுதினேன். நண்டு என்றால் அண்ணைக்கு உயிர். ஞாயிறுகளில் நான் சமைத்ததில் பாதி நண்டுதான்.

மகள் கடதாசியை எட்டிப் பார்த்தாள். "அம்மா, மாமா நண்டு சாப்பிடமாட்டார். எனக்குத்தான் உடைச்சு உடைச்சுத் தாறவர். யூ நெவர் நோட்டிஸ்ட்?"

நான் பேனையை வைத்துவிட்டேன். சரி, நண்டு இல்லையென்றால் வேறு என்ன? கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேலாக என் கையால் சோறு போட்ட மனிதருக்கு எது விருப்பம் என்று என்னால் இரண்டாவது வரி எழுத முடியவில்லை. எட்டாம் நாள் அவருடைய இலையில் என்ன வைக்கப் போகிறேன்? யாரிடம் கேட்பது? வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. எங்களை நம்பி வந்து இலைக்கு முன்னால் இருக்கும் அவர், இங்கேயும் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாரே என்று.

"அந்த மனுசிக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் மகள். புத்தகத்தில் இருந்த எண்ணுக்கு அவளே எடுத்துப் பேசினாள். சனிக்கிழமை மத்தியானம் டெப்ட்ஃபோர்ட்டுக்கு வாருங்கள், கடையில்தான் நிற்பேன் என்று மோரீன் விலாசம் சொன்னாராம். என்ன கடை என்று மகள் கேட்கவில்லை.

சனிக்கிழமை மகள் கார் ஓட்டினாள். வெளிக்கிடும்போது எனக்குக் கோபம்தான் இருந்தது. இவ்வளவு காலம் மறைத்தாரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று. ஸ்ட்ரெதம் தாண்டிய பிறகு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மாளாச்சி, அந்த மனுசி அண்ணையின் ஆளாகவே இருக்கட்டும் என்று வேண்டத் தொடங்கினேன். கட்டினதோ கட்டாததோ, என்ன நிறமோ, எந்தச் சாதிசனமோ, அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் நெற்றியில் கை வைத்துப் பார்க்க ஒரு ஆள் இருந்திருக்கட்டும். அப்படி மட்டும் இருந்தால் அந்த மனுசியைக் கட்டிப்பிடித்து அண்ணி என்று கூப்பிடுவேன் என்று மனதுக்குள் நேர்த்தியே வைத்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்தால், அது ஒரு சாப்பாட்டுக் கடை.

சுவர் முழுக்க வெள்ளை ஓடு, இடையில் ஒரு பச்சைக் கோடு. ஒடுங்கிய மாபிள் மேசைகள், நீட்டு மரவாங்குகள். வயதான ஆண்கள் ஆளுக்கு ஒரு மேசையில் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து லண்டன் ஏழைச் சனத்தின் சாப்பாடு அது. கோதுமை மாவுக்குள் கொத்திறைச்சி வைத்துச் சுட்ட, பை என்ற ஆங்கிலப் பலகாரம். பக்கத்தில் அவித்து மசித்த உருளைக்கிழங்கு. அதைக் குவித்து வைப்பதில்லை, தட்டையான பீங்கான் கோப்பையின் விளிம்பில் கரண்டியால் வழித்து இழுத்துவிடுகிறார்கள். மேலே பார்ஸ்லி இலை போட்ட பச்சைக் குழம்பு. முந்தி விலாங்கு மீன் அவித்த தண்ணீரில் அதைக் காய்ச்சுவார்களாம். அதற்கு லிக்கர் என்று பெயர். பயப்படாதீர்கள், வெறும் இலைக் குழம்புதான். பையைக் கவிழ்த்துப் போட்டு, கத்தி இல்லாமல் கரண்டியாலும் முள்ளுக்கரண்டியாலும் சாப்பிட வேண்டும்.

மோரீன் கவுண்டருக்குப் பின்னால் வெள்ளை ஏப்ரனோடு நின்றார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சுவரோரம் மூன்றாவது மேசையைக் காட்டி, அதுதான் அவருடைய இடம் என்றார். நாங்கள் உட்கார்ந்தோம்.

அண்ணை லண்டன் வந்த முதல் மாரியில் அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். அறையை வாடகைக்குக் கொடுத்தவர் கறி மணக்கக்கூடாது என்று சமைக்க விடவில்லையாம். அப்போது கவுண்டரில் நின்றது மோரீனின் தாயார். அண்ணைக்குச் சாப்பாட்டின் பெயர் ஒன்றும் தெரியாது. முன்னால் நின்றவரின் கோப்பையைக் கைகாட்டி, அது வேண்டும் என்றாராம். இருந்து ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தவருக்கு, மோரீனின் தாயார் வினாகிரிப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். உள்ளே முழு மிளகாய்கள் ஊறிக்கொண்டிருந்தன. "அந்தப் போத்தலைக் கண்டதும் அவர் சிரித்தார் பாருங்கள். அதற்குமுன் அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை" என்றார் மோரீன். அன்றிலிருந்து சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு அந்த மேசை அண்ணையுடையது.

மோரீனின் தகப்பனார்தான் லண்டனின் மற்றப் பழைய சாப்பாடுகளையும் அண்ணைக்குப் பழக்கியவர். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் மதுச்சாலைகளுக்கு வெளியே வண்டில் வைத்து மட்டிச் சிப்பியும் ஊரிச் சங்கும் விற்பார்களாம். ஊரியை ஊசியால் குத்தி எடுத்து வினாகிரியில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மட்டி எங்கள் கடலிலும் இருக்கிறது என்று அண்ணை சொன்னாராம். பட்டாணிப் பருப்பை அவித்துக் கட்டியாக மசித்த ஒரு களி, அதோடு சிவப்புத் தோல் சொசேஜ். மிஞ்சிய பாண் துண்டுகளில் முந்திரிகை வத்தல் போட்டுச் செய்யும் புடிங். மோரீன் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டில் எதைக் கொடுத்தாலும் பரவாயில்லை என்ற மனிதர், இந்தக் கடையில் பையின் ஓரம் கொஞ்சம் கருகினதாக வேண்டும் என்று கேட்டு வாங்குவாராம்.

"உங்களோடை நல்லாக் கதைப்பாரோ?" என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

மோரீன் கொஞ்சம் யோசித்தார். அதிகமில்லை என்றார். சுகமா என்று கேட்பாராம், சுகம் என்பாராம். சாப்பிட்டு முடித்துத் தன் கோப்பையைத் தானே கொண்டுவந்து கவுண்டரில் வைத்துவிட்டு, வருகிற சனி பார்ப்போம் என்று போய்விடுவாராம். இரண்டு சனிக்கிழமை ஆளைக் காணாததால், பக்கத்து ஸ்டேஷனில் அவரோடு வேலை செய்தவரிடம் விசாரித்திருக்கிறார். அப்படித்தான் செத்தவீடு தெரிய வந்தது. "என் அம்மாவின் சவச்சடங்குக்கு அவர் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் இருந்தார். நானும் வரவேண்டும் அல்லவா?"

என் நேர்த்தி பலிக்கவில்லை. காய்ச்சலுக்கு நெற்றி தொட்டுப் பார்க்க அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், சுகமா என்று கேட்க ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். அதற்காகத்தான் நாற்பது வருடம் அந்த மத்தியானத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

நான் அழுவதைப் பார்த்து மோரீன் கையைப் பிடித்தார். பிறகு மெதுவாக, "உங்களையும் ஒருமுறை கூட்டி வந்தார், இல்லையா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் அங்கே தகரத் தட்டுகளில் உயிர் விலாங்குகள் நெளிந்துகொண்டிருந்தன. நான் லண்டன் வந்து நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ. அண்ணை ஸ்திரி போட்ட சேட்டு உடுத்து, "வா பிள்ளை, ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். வழியெல்லாம் சிரித்த முகம். கடையில் என்னை இருத்திவிட்டு, கவுண்டரில் போய் எல்லோரிடமும் என்னைக் காட்டினார். இரண்டு கோப்பை வந்தது. நான் பச்சைக் குழம்பைப் பார்த்தேன், ஜன்னலில் நெளிந்தவற்றைப் பார்த்தேன்.

"சீ! பாம்பு தின்னுற சனத்துக்குள்ளையோ இருக்கிறியள்? அம்மா அறிஞ்சா உங்களை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டா."

அப்படித்தான் சொன்னேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். கதிரையைத் தள்ளுவதற்குக்கூட அங்கே கதிரை இல்லை. வாங்கிலிருந்து இறங்கி வெளியே போய்க் குளிரில் நின்றேன். அண்ணை பின்னால் வந்தார். "சரி, சரி, வா போவம்" என்றார். கோபிக்கவில்லை. அம்மாவுக்குச் சொல்லாதே என்றும் கேட்கவில்லை. எனக்குச் சிப்ஸ் வாங்கித் தந்தார். நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

இதை நான் மறந்தே போயிருந்தேன். கை படாத இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவியது தான்தான் என்பதால் மோரீன் மறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அண்ணை வந்து, தங்கை புதிதாக வந்தவள், பழக்கமில்லை, குறை நினைக்கவேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டாராம். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைக்கு ஒருவரையும் கூட்டி வரவில்லை.

சனிக்கிழமை ஷிப்ட் என்று அண்ணை முதன்முதலில் சொன்னது எப்போது என்று இப்போது எனக்கு விளங்குகிறது. நான்தான் அவரைப் பொய் சொல்ல வைத்தேன். இந்தப் பக்கத்தை அதற்காகவே எழுதினேன்.

எட்டன்று எதை வைப்பது என்று இனி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பைக்குள் இருப்பது என்ன இறைச்சி என்று கேட்டபோது மோரீன், "மாடு, வேறென்ன?" என்றார். ஆம், அண்ணை மாட்டிறைச்சி சாப்பிட்டார். வீட்டில் சொன்னதும் கணவர் தலையில் கை வைத்தார். "சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள்ளை அதைக் கொண்டுவந்து படைக்கிறதோ? உமக்கென்ன விசரே?" மகள் சமாதானத்துக்கு வந்தாள். "அம்மா, அங்கை வெஜிடபிள் பையும் இருக்கு. பார்க்க ஒரே மாதிரித்தான். ஒருத்தருக்கும் தெரியாது."

"மாமாவுக்குத் தெரியும்" என்றேன்.

எட்டன்று காலை நானே பஸ் ஏறி டெப்ட்ஃபோர்ட் போனேன். மோரீன் ஓரம் கருகின பையாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தார். கிழங்கு, பச்சைக் குழம்பு, மிளகாய் வினாகிரி, பிறந்தநாளுக்கு மட்டும் அண்ணை வாங்குவதாக மோரீன் சொன்ன அவித்த விலாங்கு இரண்டு துண்டு. சூடு ஆறாமல் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பின் அறையில் இலை போட்டிருந்தது. மீன் குழம்பு, இறால், கோழி, கத்தரிக்காய், வடை, பழம் என்று சொந்தக்காரர் சமைத்து வந்தவை எல்லாம் இருந்தன. நான் அந்தக் கோப்பையோடு வாசலில் நின்றேன். அம்மாவின் தங்கை, வெம்பிளிச் சின்னம்மா, கதிரையில் இருந்தார். எண்பத்தாறு வயது. எங்கள் குடும்பத்தில் இன்ன சடங்கு இன்ன மாதிரி என்று சொல்ல மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"உதென்ன பச்சையா?" என்றார் சின்னம்மா.

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. கடையைச் சொன்னேன், மேசையைச் சொன்னேன், நான் அன்று சொன்ன வார்த்தையையும் சொன்னேன்.

"மாடோ?"

"ஓம் சின்னம்மா."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். சின்னம்மா பொல்லைத் தரையில் ஊன்றி இலையை எட்டிப் பார்த்தார். "ஆசையாச் சாப்பிட்டவனோ?"

"நாற்பது வருசம் சின்னம்மா. ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"ஆரோடை?"

"ஒருத்தரோடையும் இல்லை. தனிய."

சின்னம்மாவின் வாய் கோணியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "மற்றதுகளைத் தள்ளிப்போட்டு அதை நடுவிலை வை" என்றார். என் கணவர்தான் குனிந்து மீன் குழம்பை நகர்த்தி இடம் செய்தார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணையைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் நன்றி. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்களுக்கும், வர நினைத்து வராமல் விட்டவர்களுக்கும் நன்றி. நானும் பல வீடுகளுக்கு அப்படித்தான். தகனத்துக்கு வந்தவர்கள், தேவாரம் ஓதியவர்கள், துக்க நாட்களில் சமைத்துக் கொண்டுவந்து தந்த நோர்பரி அயலவர்கள், இந்த மலரை அச்சிட்டவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னோடு சண்டை பிடித்துவிட்டு, பிறகு இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழை பார்த்துத் தந்த என் கணவருக்கும், மாமா நண்டு சாப்பிடமாட்டார் என்பதைக் கவனித்திருந்த மகளுக்கும் நன்றி. மோரீனுக்கும், காலமாகிவிட்ட அவருடைய பெற்றோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பெற்றவர்களும் கூடப்பிறந்தவளும் கேட்காத கேள்வியை அவர்கள் வாரம் தவறாமல் கேட்டிருக்கிறார்கள்.

கடைசியாகச் சின்னம்மாவுக்கு. படைத்து முடிந்ததும் விளக்கை வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். போனவர் வந்து சாப்பிடும்போது யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது. அன்றும் எல்லோரும் எழுந்து போனார்கள். நான் எழும்பவில்லை. இலைக்கு முன்னால் தரையில் இருந்தேன்.

"வா பிள்ளை" என்றார் சின்னம்மா. "அவன் ஆறுதலாச் சாப்பிடட்டும்."

"அவர் தனியச் சாப்பிட்டது காணும் சின்னம்மா. நான் இருக்கிறன்."

வழக்கத்தை ஒரு நூல் பிசகவிடாதவர் அவர். என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே யார் இருக்கிறது, ஏன் இன்னும் வரவில்லை என்று யாரோ கேட்பது எனக்குக் கேட்டது.

"பேசாமல் இருங்கோ" என்றார் சின்னம்மா. "அண்ணனும் தங்கச்சியும் சாப்பிடுகினம்."

தங்கை,
நோர்பரி, லண்டன்